கோட்டுப் பையில் மிச்சமிருந்த கடலை

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர், போன வாரம் என் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே சின்னதாக ஒரு காகிதப் பொட்டலத்தையும் நீட்டினார். பிரித்துப் பார்த்தால் கடலைத் தோல்.

“பாக்கெட் பூரா இதாம்மா. ஸ்கூல் பசங்க டவுசர்லதான் இந்த மாதிரி எடுப்பேன். நீங்களுமா?” என்றார்.

அவர் அதைக் குப்பையில் உதறியிருக்கலாம். மெனக்கெட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது என்னைக் கிண்டல் செய்யத்தான். சென்னையில் ஸ்வெட்டர் போடுகிற ஒரே கிழவி என்று ஏற்கெனவே எனக்குத் தெருவில் பெயர் உண்டு. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். கடலை உரித்தால் தோலைக் கீழே போட எனக்குக் கை வராது. பையில்தான் போடுவேன். ஏன் என்று கேட்டால் ஒரு கறுப்புக் கோட்டைப் பற்றியும் ஓர் ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். இஸ்திரிக்காரருக்கு அவ்வளவு நேரம் ஏது? உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மறுபடி பிரித்து முகர்ந்து பார்த்தேன். கருகின தோலும் கம்பளியும் கலந்த வாசனை. மைசூரில், அப்பா கோட்டைக் கழற்றி அம்மா கையில் கொடுக்கும் நேரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் இந்த வாசனைதான் வரும்.

அந்தக் கோட்டு மைசூரின் மண்டி மொஹல்லாவில் ஒரு சின்னக் கடையில் தைத்தது. மூடின கழுத்து, முழங்கை இரண்டும் தேய்ந்து பளபளக்கும். அம்மா உள்பக்கமாகத் துணி கொடுத்துத் தைத்துத் தைத்து, கடைசியில் அதில் தையல்காரர் தைத்ததைவிட அம்மா தைத்ததுதான் அதிகம். சித்திரை மாதத்திலும் அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பா வெளியே போவார். மைசூரின் சித்திரை, ஈரோட்டில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்குச் சிரிப்பு வருகிற விஷயம். “இதைப் போயி வெயிலுங்கறாங்களே” என்பாள்.

அப்பா பாதிரியார். உடனே நீங்கள் உயரமான கோபுரமும் மணியும் பளிங்குத் தரையும் மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டாம். அவருக்குச் சபை கிடையாது. மைசூரில் கல்லூரியில் படிக்க வரும் வெளியூர்ப் பையன்களுக்காக ஒரு மிஷன், ஹாஸ்டல் ஒன்று கட்டியிருந்தது. நஞ்சன்கூடு, குண்டலுபேட்டை, ஹாசன், அப்பா பிறந்த கொள்ளேகால் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள். கிறிஸ்தவர்கள் கொஞ்சம், மற்றவர்கள்தான் நிறைய. ஹாஸ்டலை ஒட்டி எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு. அப்பாவின் வேலைக்கு மாணவர் ஊழியம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாஸ்டல் கூடத்தில் ஆராதனை, சாயங்காலம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் டீ, வெள்ளிக்கிழமை விருப்பப்பட்டவர்களுக்கு வேதபாடம். வெளியே தெரிகிற வேலை இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அவர் நடந்தார்.

வேடிக்கையாக இருக்கிறதா? எங்கள் உறவுக்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு தடவை ஈரோட்டிலிருந்து அம்மாவின் அண்ணன் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி, “ஏனுங்க மாப்ள, எல்லாரும் கேக்கறாங்க. நீங்க இங்க என்ன வேலைதான் பாக்கறீங்க?” என்று கேட்டார்.

“பசங்களோட நடக்கறனுங்க மச்சான்” என்றார் அப்பா.

மாமா தன் தங்கையைப் பரிதாபமாகப் பார்த்தார். மற்றப் பாதிரிமார் கட்டின கோயிலைக் காட்டுவார்கள், எழுப்பின பள்ளிக்கூடத்தைக் காட்டுவார்கள். அப்பாவிடம் காட்டுவதற்குத் தேய்ந்த செருப்புதான் இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். கொள்ளேகால் பக்கத்துப் பேச்சு அது. அம்மாவுக்கு, பால்காரருக்கு, அண்ணனுக்கு, கடைக்குட்டியான எனக்கு, பால்காரரின் எருமைக்கும்கூட. அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவன் காதைத் திருகிக்கொண்டே, “இது ஏழுங்களா, எட்டுங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்பார். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லை அப்படிச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

குக்கரஹள்ளி ஏரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கரைமேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் சாமுண்டி மலை, மறுபக்கம் தண்ணீர். சாயங்காலமானால் கூழைக்கடாக்களும் நாரைகளும் ஏரி நடுவில் இருந்த திட்டுக்கு வந்து இடத்துக்காகச் சண்டை போடும். ஏரியைச் சுற்றி அன்றைக்கு மண்பாதைதான். இரண்டு பேர் தோளோடு தோள் போகலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மூன்றாவது ஆள் என்று நான் சொல்வது என்னைத்தான்.

வழக்கம் இப்படி. கல்லூரி விட்ட பிறகு ஒரு பையன் வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பான். திறந்துகொண்டு உள்ளே வர மாட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பா எட்டிப் பார்த்தால், “ஸ்வல்ப மாத்தாடபேக்கித்து, ஸார்” என்பான். கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. கன்னடப் பையனோ, தமிழ்ப் பையனோ, குடகுப் பையனோ, எல்லோரும் ஏனோ இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். ஹாஸ்டலில் ஒருவனுக்கொருவன் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. அதைக் கேட்டதும் அப்பா கையில் இருப்பது காப்பியோ, பேனாவோ, அண்ணனின் காதோ, அப்படியே விட்டுவிட்டுக் கோட்டை எடுத்துக்கொள்வார். அதனால் அண்ணனுக்கு அந்த வாக்கியத்தின் மேல் தனிப் பிரியம்.

ஏரிமேட்டில் ஓர் அம்மாள் மணல் சட்டியில் கடலைக்காய் வறுத்து விற்பாள். “கள்ளேகாய்!” என்று கூவுவாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கல்லக்கா. கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில் தனக்குப் புரிந்த ஒரே கன்னடம் அந்தக் கூவல்தான் என்று அம்மா சொல்வாள். அப்பா ஒரு பொட்டலம் வாங்கிக் கோட்டின் இடது பையில் கொட்டிக்கொள்வார். உரித்த தோல் வலது பைக்குப் போகும். பையன் தோலைக் கீழே போடப் போனாலும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். “மகாராஜா குதிரையில வர்ற பாதைங்க. அங்க போயித் தோலைப் போடலாமுங்களா?” என்பார். மகாராஜா அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் எந்த நேரமும் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே மொத்த ஊரும் வாசல் கூட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு முழுச் சுற்று முடிந்து விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவார். பையன் அப்படியே ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அம்மா விட மாட்டாள்.

“என்னங்களாமா அந்தப் பையனுக்கு?”

“அது அவன் சொன்னதுங்க. என்னுது இல்லீங்களே” என்பார் அப்பா. ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். கால் கழுவப் போய்விடுவார்.

அப்போதுதான் அம்மா தன் வித்தையைக் காட்டுவாள். கோட்டை ஆணியில் மாட்டுகிற சாக்கில் பைக்குள் கையை விடுவாள். இடது பை காலியாக இருந்து வலது பை நிறையத் தோல் இருந்தால், “ஒண்ணுமில்ல, பரீட்சைப் பயம்” என்பாள். பாதிக் கடலை மிச்சமிருந்தால், “ஊட்டுல சண்டையாட்ட இருக்குது.” கடலை அத்தனையும் உரிக்காமல் அப்படியே இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். உரித்துத் தின்னக்கூட இரண்டு பேருக்கும் தோன்றாத அளவுக்குப் பெரிய விஷயம் என்று அர்த்தம். மறுநாள் காலையில் அந்தப் பையனுக்கு மட்டும் காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு கிண்ணத்தில் சந்தகை போகும். எங்கள் பக்கத்தில் இடியாப்பம் மாதிரி பிழிவது. தேங்காய்ப்பால் ஊற்றி, வெல்லம் போட்டு, மேலே தட்டு மூடி அனுப்புவாள். அம்மாவின் ஊழியம் அது. அதற்கு எந்த மிஷனும் பெயர் வைக்கவில்லை.

மிச்சக் கடலை எங்களுக்கு. இதில் ஒரு தர்மசங்கடம் இருந்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வரி ஜெபிக்க வேண்டும். அண்ணன் முழங்கால் போட்டு, கண்ணை இறுக்கி மூடி, “ஆண்டவரே, ஹாஸ்டல் அண்ணன்மார் எல்லாரையும் ஆசீர்வதியும்” என்று சத்தமாகச் சொல்வான். பிறகு என் காதுக்கு மட்டும், “நாளைக்கு வர்றவனுக்குக் கஷ்டம் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்” என்பான். நான் ஆமென் சொல்வேன்.

கடலையைச் சொன்னால் பழம் நினைவுக்கு வருகிறது. மேல்கோட்டையிலிருந்து வந்த ஒரு வைஷ்ணவப் பையன் ஞாயிற்றுக்கிழமை டீக்குத் தவறாமல் வருவான். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். எங்களோடு பேசினால் அவனுக்கு வீட்டு ஞாபகம் வருமாம். நல்ல குரல். எங்கள் கீர்த்தனைகளை அவன் பாடினால் அவற்றுக்கு நாமம் போட்டு விட்ட மாதிரி இருக்கும். அப்பா சொக்கிப்போய்க் கேட்பார். ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது அவனுக்கு. அம்மா அதற்கு வருத்தப்பட்டதேயில்லை. நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைப்பழத்தில் ஒரு சீப்பு அவனுக்கென்று எடுத்து வைப்பாள். தோல் உரிக்காத பழத்துக்குத் தீட்டு இல்லையே! அவன் தன் கையால் உரித்துச் சாப்பிடுவான். தோலை என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பான். அப்பா பழக்கதோஷத்தில் கையை நீட்டுவார்.

தசராவுக்கு ஹாஸ்டல் காலியாகிவிடும். அந்த நாட்களில் மட்டும் அப்பா எங்களுக்குக் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பேன். ஊர்வலம் பார்க்க எங்களைக் கூட்டிப்போவார். ஜன நெரிசலில் நாலடி வைப்பதற்குள் யாராவது ஒருவர், “ஸார்!” என்று வந்து நிற்பார். போலீஸ் உடுப்பில் ஒரு பழைய மாணவர், தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக ஒருவர், குதிரைப் படையில் ஒருவர். அன்றைக்கு அந்த வீதியில் அப்பாவை ஸார் என்று கூப்பிடாதவர் யானை மேல் உட்கார்ந்திருந்தவர் மட்டும்தான்.

“ஊரான் ஊட்டுப் பசங்களுக்கெல்லாம் உங்க காது கெடைக்குது. எங்களுக்கு முதுகுதான்” என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும்.

தவறாக நினைக்காதீர்கள், அவர் பாசமில்லாத தகப்பன் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குத் தலை வாரிப் பின்னல்கூடப் போட்டுவிடுவார். கோணலாக இருக்கும், அதை அவிழ்க்க எனக்கு மனசு வராது. மடியில் உட்கார வைத்துக் கதை சொல்வார். ஆனால் ஏரியை ஒரு முழுச் சுற்று? அது கிடையாது. அது பேச வேண்டியிருந்தவர்களுக்கு. நானும் கூட ஓடினால் கடலைக்கார அம்மாள் வரைக்கும் வரலாம். அங்கே என் உள்ளங்கையில் ஒரு பிடி கடலையை வைத்து, “இனி ஊட்டுக்குப் போங்க அம்மிணி” என்பார். நான் அங்கேயே நின்று பார்ப்பேன். இரண்டு முதுகுகள் சின்னதாகிக்கொண்டே போகும். பையனின் வாய் அசையும். அப்பாவின் தலை அவன் பக்கமாகச் சாய்ந்திருக்கும். எனக்கு அந்தச் சாய்ந்த தலை வேண்டும். மிட்டாய் வேண்டாம், பட்டுப் பாவாடை வேண்டாம். ஒரே ஒரு தடவை, ஒரு முழுச் சுற்று, அந்தத் தலை என் பக்கம் சாய வேண்டும்.

யோசித்தேன். சுற்றுக்கு என்ன தகுதி? கஷ்டம் வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். உருப்படியாக ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில் ஒரு பையன் எல்லோர் முன்னாலும், “ஸார், எனக்குக் கடவுள் மேல விசுவாசமே போயிருச்சு” என்று சொன்னான். அவனுக்கு அந்த வாரம் முழுவதும் தினம் ஒரு சுற்று கிடைத்தது. எனக்கு வழி பிறந்துவிட்டது.

மறு வாரம், எந்தப் பையனும் வராத ஒரு சாயங்காலம் பார்த்து, கேட்டுக்கு வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஸ்வல்ப மாத்தாடபேக்கித்து, ஸார்” என்றேன்.

“சொல்லுங்க.”

“எனக்கு விசுவாசம் போயிருச்சு.”

அப்பா சிரிக்கவில்லை. “அடடா. எப்பப் போச்சுங்க அம்மிணி?”

“மத்தியானம்.”

உள்ளே கரண்டி விழுந்த சத்தமும் அம்மாவின் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. அப்பா திரும்பி, “சிரிக்காதீங்க. அவங்க சொல்றாங்கல்ல” என்றார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நான் நடந்த நடை உங்களுக்குச் சொன்னால் புரியாது. தெருவில் பார்ப்பவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். கடலை இடது பைக்குள் போனது. வழக்கமாக நான் திரும்பிப் போகிற இடம் வந்தது. அதையும் தாண்டினோம். பாதையில் இரண்டாவது ஆள் நான். அப்பாவின் தலை கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது. அடுத்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. விசுவாசம் போன பிறகு என்ன ஆகும் என்பதை நான் யோசித்து வைக்கவில்லை.

அப்போது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். குண்டலுபேட்டைப் பையன், புட்டண்ணன் என்று பெயர். காலில் செருப்பு இல்லை. முகம் வீங்கியிருந்தது. வந்து நின்று மூச்சு வாங்கினான். வழக்கமான வாக்கியத்தைக்கூட அவன் சொல்லவில்லை.

அப்பா அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, ரொம்பக் கவலையோடு கேட்டார். “அம்மிணி, உங்க விசுவாசம் நாளைக்கு வரைக்கும் தாங்குமுங்களா?”

நான் என்ன சொல்வது? “தாங்கும்” என்றேன்.

அன்றைக்கு இடது பையில் கடலை அப்படியே இருந்தது. அம்மா அத்தனையையும் என் மடியில் கொட்டினாள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை, அண்ணன் தின்றான். மறுநாள் காலையில் புட்டண்ணனுக்குச் சந்தகை போனது. ஆனால் அதற்கு முன்பே அவன் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான். சில வாரம் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். அவனுக்கு அப்பா இல்லாமல் போனது எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மறுநாள் வேறு ஒரு பையன் வந்து கேட்டில் நின்றான். அதற்கு மறுநாள் இன்னொருவன். நான் ஞாபகப்படுத்தவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்த காலைப் பார்த்த பிறகு என் விசுவாசத்தை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பேன்? ஆனால் ஆசை போகவில்லை. பாவாடை போய்த் தாவணி வந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அந்த முதுகுகளைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

போர் வந்தது. அரிசி கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை டீ மேஜையில் பலகாரத்துக்குப் பதில் ராகிக் களி ஏறியது. குண்டலுபேட்டைப் பையன்களுக்கு அதில் ஒரே சந்தோஷம், இப்போதுதான் பாதிரியார் வீட்டில் நல்ல சாப்பாடு போடுகிறார்கள் என்றார்கள். போர் முடிந்தது. கல்லூரிகளில் வேலைநிறுத்தம், ஊர்வலம். காலையில் கோஷம் போட்ட பையன்கள் சாயங்காலம் தொண்டை கட்டிய குரலில் எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். அப்பா எல்லோரோடும் நடந்தார்.

சுதந்திரம் வந்த வருஷத்தின் தொடக்கத்தில் ஒருநாள் மிஷன் துரை டீக்கு வந்தார். நல்ல மனுஷர். அம்மா மணல் போட்ட சட்டியில் கேக் செய்திருந்தாள். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டுப் பாராட்டினார். பிறகு அப்பாவும் அவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புறப்படும்போது துரை அம்மாவின் கையைப் பிடித்து ரொம்ப நேரம் நன்றி சொன்னார். ஒரு கேக்குக்கு அவ்வளவு நன்றி அதிகம் என்று எனக்குப் பட்டது.

“என்னங்களாமா தொரை?” என்றாள் அம்மா.

“சும்மாதாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தாராமா.”

நான் கொல்லையில் துணி காயப்போடப் போனேன். கொல்லைப்புறத்தில் ஒரு மூங்கில் படல் உண்டு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அப்பா வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து, படலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். ஒரு கை படலைப் பிடித்திருந்தது. திறந்துகொண்டு உள்ளே வரவில்லை.

“ஸ்வல்ப மாத்தாடபேக்கித்து” என்றார்.

பழைய கதையை வைத்துக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அதற்குள் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு, வாளியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

ஏரிமேட்டில் கடலை வாங்கி இடது பையில் கொட்டிக்கொண்டார். நான் திரும்பிப் போகிற இடத்தைத் தாண்டினோம். புட்டண்ணன் ஓடி வந்த இடத்தையும் தாண்டினோம். பின்னால் யாரும் ஓடி வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தச் சுற்றுக்காக நான் எவ்வளவு பேச்சுச் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கரையின் அந்தக் கோடி வரைக்கும் அவர் பேசவில்லை. அக்கரையில் கோரைப்புல் மண்டின இடம் வந்ததும் ஆரம்பித்தார். பிறகு நிறுத்தவேயில்லை. கூழைக்கடாக்கள் வந்து திட்டில் இறங்கின, சாமுண்டி மலை கறுத்தது, அவர் பேசிக்கொண்டே வந்தார். ஊரில் எத்தனையோ பையன்களுக்கு அவர் இருந்தார்; அவருக்கு யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஓரிடத்தில் கழுத்து வலித்தது. பார்த்தால் என் தலை அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஹாஸ்டலை மிஷன் மூடப் போகிறது, கட்டடத்தை வேறு கைக்கு மாற்றுகிறார்கள், மாணவர்களோடு நடப்பதற்கென்று ஒரு பாதிரியார் இனித் தேவையில்லை, அப்பாவைக் கோலார் பக்கம் ஒரு சபைக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவும் அந்த வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்கு மேல் அவர் அன்றைக்கு அக்கரையில் சொன்னது வேறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோட்டை வாங்கினாள். ஆணியில் மாட்டுகிற சாக்கில் இடது பைக்குள் கையை விட்டாள். கை அப்படியே நின்றது. வெளியே எடுத்தபோது கை நிறைய உரிக்காத கடலை. ஆறிப்போயிருந்தது. அப்பா கால் கழுவப் போய்விட்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“என்ன கண்ணு சொன்னாரு?”

“அது அவரு சொன்னதும்மா. என்னுது இல்ல” என்றேன்.

அம்மா மறுபடி கேட்கவில்லை. மறுநாள் காலையில், காரணம் எதுவும் சொல்லாமல், அப்பாவுக்குச் சந்தகை பிழிந்தாள். தேங்காய்ப்பால் ஊற்றி, வெல்லம் போட்டு, மேலே தட்டு மூடி அவர் முன்னால் வைத்தாள். அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

கோலார் பக்கத்துச் சபையில் கோபுரம் இருந்தது, மணி இருந்தது. ஈரோட்டு மாமா வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார். அங்கே யாரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வந்த விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா நடப்பது குறைந்துபோனது. பல வருஷம் கழித்து அந்தக் கோட்டோடுதான் அவரைப் பெட்டியில் வைத்தோம். மூடுவதற்கு முன் அம்மா இரண்டு பைகளையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மாவும் போய்விட்டாள், அண்ணனும் போய்விட்டான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு மைசூர் போனபோது ஏரிக்குப் போனேன். ஏரி இருக்கிறது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி மாடியாக என்னவோ இருக்கிறது. ஏரிக்குக் கேட்டுப் போட்டு, திறக்கிற நேரம் மூடுகிற நேரம் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே தின்பண்டம் கொண்டுபோகக் கூடாதாம். மணல் சட்டி அம்மாளுக்கு அங்கே என்ன வேலை? பாதையை அகலமாக்கியிருக்கிறார்கள். மூன்று பேர் தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லோரும் தனித்தனியாகத்தான் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கரையில் கோரைப்புல் மண்டின இடத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கே என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. அது என்ன சொன்னது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதும் சாயங்காலம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். பக்கத்தில் ஆள் இல்லை, பேச்சு இல்லை, உரித்து உரித்து வாயில் போடுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்து பைக்குள் கையை விட்டால் வெறும் தோல். இஸ்திரிக்காரர் பாவம், அதையும் பொட்டலம் கட்டித் தருகிறார். என் பையில் கடலை மிச்சமிருந்து எத்தனையோ வருஷமாகிறது.